கடலில் இறங்கும் முன் உங்கள் நீச்சல் வேகத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

கடல் நீச்சலுக்குப் பெயர் கொடுக்க வருபவர்களிடம், நூறு மீட்டருக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நீச்சல்காரர்கள் ‘பேஸ்’ என்று சொல்வது இதைத்தான். பயிற்சியாளர்களாகிய நாங்கள் குழு பிரிப்பதும், பாதுகாப்புப் படகு எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அந்த எண்ணை நம்பித்தான் என்பதால், அதில் வரும் பிழையைச் சிறிய விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் அடிக்கடி பார்க்கும் பிழை இது. ஒருவர் 1000 மீட்டரை 27 நிமிடத்தில் நீந்துகிறார். 27ஐ 10ஆல் வகுத்தால் கைபேசியில் 2.7 என்று வரும். அதை 2 நிமிடம் 7 விநாடி என்று படிவத்தில் எழுதிவிடுகிறார். நிமிடத்துக்கு 60 விநாடி என்பதால் அந்தப் புள்ளி ஏழு என்பது 42 விநாடி. மொத்த நேரத்தையும் முதலில் விநாடியாக்கி (1620), பிறகு 10ஆல் வகுத்தால் 162 விநாடி, அதாவது 2 நிமிடம் 42 விநாடி என்ற சரியான விடை கிடைக்கும். இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கு 35 விநாடி வித்தியாசம். இரண்டு கிலோமீட்டர் கடல் நீச்சலில் அது 11 நிமிடம் 40 விநாடியாக வளர்ந்துவிடும். அவ்வளவு நேரமும் அவர் தன் குழுவைப் பிடிக்க மூச்சிரைக்கப் போராடிக்கொண்டிருப்பார்.

உங்கள் கணக்கு முறை சரிதானா என்று பார்க்க, அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 2018இல் உலகச் சாதனையாக 1500 மீட்டரை நீந்திய 15 நிமிடம் 20.48 விநாடியைப் போட்டுப் பாருங்கள். நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 61.4 விநாடி வர வேண்டும்.

தூரத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் 25 மீட்டர் என்று சொல்லப்படும் குளத்தை டேப் வைத்து அளந்தால் 23 மீட்டராக இருக்கலாம். அப்போது நாற்பது முறை கடந்தாலும் நீந்தியது 920 மீட்டர்தான், அதே 27 நிமிடத்துக்கு வேகம் 2 நிமிடம் 56 விநாடியாகக் குறைந்துவிடும். சுவரைப் பிடித்து ஓய்வெடுக்கும்போது கடிகாரத்தை நிறுத்துபவர்களுக்கும் இதே கதிதான். கடலில் பிடிப்பதற்கும் உதைத்துக் கிளம்புவதற்கும் சுவர் கிடையாது. நீரோட்டம் எதிர்த்தால் குளத்தில் கிடைத்த எண் அங்கே எட்டவே எட்டாது.

ஆகவே குறைந்தது 1500 மீட்டரை நிறுத்தாமல் நீந்தி, பாதி தூரத்துக்குப் பிந்தைய வேகத்தைத் தனியாகக் கணக்கிட்டு, அதையே படிவத்தில் எழுதுங்கள்.