திருத்தப்பட்ட ஆர்.என்.ஏ.வும் அதைப் படிக்கும் புரதங்களும்

ஆய்வகத்தில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த மாணவி ஒருவர், ஒரே எலியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு, மாதிரிக் குழாய்கள் மாறிவிட்டன என்று கலங்கிய முகத்தோடு என்னிடம் வந்தார். அவர் காட்டிய வரைபடத்தில், டி.என்.ஏ.வுக்குரிய வரியில் அடினினைக் குறிக்கும் பச்சை முகடு தெளிவாக எழுந்து நின்றது, ஆர்.என்.ஏ.வுக்குரிய வரியில் அதே இடத்தில் குவானினைக் குறிக்கும் கறுப்பு முகடு இருந்தது. அதன் அடியில் பச்சையின் சாயல்கூட இல்லை. மூன்று முறை செய்தும் இதே விடைதான் வந்தது என்றார். குழாய் எதுவும் மாறவில்லை. அவர் பார்த்தது, மூளையில் நரம்புச் செல்கள் சமிக்ஞையை வாங்கப் பயன்படுத்தும் குளூட்டமேட் ஏற்பியின் கூறான குளூ-ஏ2 புரதத்துக்குரிய ஆர்.என்.ஏ.வில் செல் தானாகவே செய்துகொண்ட ஒரு திருத்தம்.

அடார் எனப்படும் நொதிகள், இரட்டை இழையாக மடங்கியிருக்கும் ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பற்றி, அதிலுள்ள அடினோசினிலிருந்து (அடினின் எழுத்தைத் தாங்கும் அலகு) ஓர் அமினோ தொகுதியை நீக்கி அதை இனோசினாக மாற்றுகின்றன. இந்த இனோசினைப் புரதம் கட்டும் ரைபோசோம் குவானோசின் என்றே படிக்கிறது. வரிசைப்படுத்தலுக்கு முன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதியும் இனோசினுக்கு எதிரே சைட்டோசினைத்தான் வைக்கிறது. கருவி குவானின் என்று காட்டுவது அதனால்தான்.

குளூ-ஏ2 ஏற்பியில் இந்த ஓர் எழுத்து மாறுவதால் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் அமர்கிறது. அதன் விளைவாக அந்த ஏற்பியின் வழியே கால்சியம் நரம்புச் செல்லுக்குள் புகுவது தடைபடுகிறது. இத்திருத்தத்தைச் செய்யும் அடார் நொதியான அடார்2 இல்லாத எலிக்குஞ்சுகள் வலிப்பு கண்டு சுமார் மூன்று வாரங்களில் இறந்துவிடுகின்றன. அந்த ஓர் எழுத்தை மட்டும் டி.என்.ஏ.விலேயே முன்கூட்டி மாற்றிவைத்தால் அவை பிழைத்துக்கொள்கின்றன. ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்புச் செல் நோயால் இறந்தவர்களின் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்புச் செல்களில் இத்திருத்தம் குறைந்திருப்பதை 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது நொதி தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறைதான்: அந்த எழுத்தைச் சுற்றியுள்ள பகுதி, பின்னால் வெட்டி எறியப்படவிருக்கும் இன்ட்ரானின் ஒரு பகுதியோடு சோடி சேர்ந்து இரட்டை இழையாகிறது, அந்த வடிவத்தைத்தான் அடார்2 பற்றுகிறது, ஆகவே இன்ட்ரான் நீங்குமுன் வேலை முடிந்தாக வேண்டும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த எடுத்துக்காட்டோடு நின்றுவிடுவதால், ஆர்.என்.ஏ. திருத்தம் என்றாலே புரதத்தின் எழுத்தை மாற்றுவது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. மனித செல்களில் நடக்கும் திருத்தங்களில் மிகப் பெரும்பான்மை புரதமாக மாறாத பகுதிகளில்தான், அதிலும் அலு எனப்படும் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளில்தான் நடக்கிறது. நம் மரபணுத்தொகுதியில் சுமார் 10 விழுக்காட்டை நிரப்பியிருக்கும் இவ்வரிசைக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. எதிரெதிர்த் திசையில் அமைந்த இரண்டு அலுக்கள் ஒரே ஆர்.என்.ஏ.வில் வந்துவிட்டால், அவை ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இரட்டை இழையாகிவிடும்.

பல வைரசுகள் பெருகும்போதும் இத்தகைய இரட்டை இழை உருவாகிறது என்பதால், அதைக் கண்டறியவே எம்.டி.ஏ.5 என்ற காவல் புரதம் செல்லின் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. நீண்ட இரட்டை இழை கிடைத்தால் இப்புரதத்தின் மூலக்கூறுகள் அதன்மீது ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்துக்கொண்டு தொடராக நீள்கின்றன. தொடர் உறுதிப்பட்டதும், வைரசு எதிர்ப்பைத் தூண்டும் புரதமான இன்டர்ஃபெரான் சுரப்பதற்கான சமிக்ஞை புறப்படுகிறது. மற்றோர் அடார் நொதியான அடார்1 திருத்திய இழையில், அடினோசினும் யுரிடினும் இறுக்கமாகச் சோடி சேர்ந்திருந்த இடங்களில் இனோசினும் யுரிடினும் தளர்வாக நிற்கின்றன. இழை ஆங்காங்கே நெகிழ்ந்துவிடுவதால் எம்.டி.ஏ.5-இன் தொடர் நிலைப்பதில்லை. வைரசு வந்துவிட்டதாக எண்ணித் தன் சொந்த ஆர்.என்.ஏ.வின்மீதே செல் போர் தொடுக்காமல் இருப்பதற்கு இந்தத் தளர்வே காரணம்.

இதை எலிகளில் செய்த சோதனைகள் ஐயமின்றிக் காட்டின. அடார்1 இல்லாத எலிக் கருக்கள் கருப்பையிலேயே இறந்துவிடும். ஆனால் 2015-இல் வெளிவந்த ஆய்வில், அடார்1-இன் திருத்தும் திறனை மட்டும் அழித்து, கூடவே எம்.டி.ஏ.5-ஐயும் நீக்கியபோது எலிகள் பிறந்து வளர்ந்தன. அடார்1 புரதத்தையே முழுமையாக நீக்கியபோதோ, எம்.டி.ஏ.5 இல்லாதிருந்தும், குஞ்சுகள் பிறந்தபின் வெகுநாள் வாழவில்லை. அப்படியானால் திருத்துவது மட்டும் அல்லாமல், இரட்டை இழையைப் பற்றிக்கொண்டு பி.கே.ஆர். போன்ற வேறு காவல் புரதங்களுக்கு இடம் கொடாமல் இருப்பதும் அடார்1-இன் பணி என்றே கொள்ள வேண்டும்.

பச்சிளம் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்களும் அவர்களின் பெற்றோரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதே நான் இதை எழுதக் காரணம். ஐகார்டி-கூட்டியே நோய்த்தொகுதி உள்ள குழந்தைக்கு மூளையில் கால்சியப் படிவுகள், தண்டுவட நீரில் வெள்ளணு மிகுதி, வளர்ச்சி பின்னடைவு ஆகியவை காணப்படும். கருவிலேயே தாயிடமிருந்து தொற்று வந்த குழந்தையைப் போலவே தோன்றும், ஆனால் தொற்றுக்கான சோதனைகள் எல்லாம் இல்லை என்றே வரும். இந்நோய்க்குக் காரணமானவற்றுள் அடார்1 மரபணுவின் பிறழ்வும் ஒன்று என்று 2012-இல் தெரியவந்தது. 2014-இல் எம்.டி.ஏ.5 மரபணுவின் பிறழ்வும் அப்பட்டியலில் சேர்ந்தது, இங்கே எம்.டி.ஏ.5 செயலிழப்பதில்லை, மாறாக அளவுக்கு மீறி விழிப்படைகிறது. அடையாளமிடும் புரதம் தன் பணியில் தவறினாலும், அடையாளத்தைப் படிக்கும் புரதம் மிகையாகக் கூர்மையடைந்தாலும் குழந்தைக்கு வருவது ஒரே நோய். ஆகவே திருத்தத்தின் அளவை மட்டும் அளந்து ‘இயல்பு’ என்று எழுதிக் கொடுப்பது போதாது. அதைப் படிக்கும் புரதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தொற்று இல்லை என்று உறுதியானதும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், அடுத்த குழந்தையைப் பற்றிப் பெற்றோருக்குச் சரியான ஆலோசனை சொல்ல முடியும். இன்டர்ஃபெரான் சமிக்ஞையைத் தணிக்கும் மருந்துகளைப் பற்றி உரிய காலத்தில் சிந்திக்கவும் முடியும்.

இனோசினைப் படிக்கும் புரதங்கள் இன்னும் சில உண்டு. மிகுதியாகத் திருத்தப்பட்ட சில ஆர்.என்.ஏ.க்களை பி54என்.ஆர்.பி. என்ற புரதம் தன் துணைப் புரதங்களோடு சேர்ந்து உட்கருவிலேயே தடுத்து வைக்கிறது; ஆனாலும் எல்லா ஆர்.என்.ஏ.வுக்கும் இது பொருந்துவதில்லை, திருத்தப்பட்டும் வெளியேறிப் பணியாற்றுபவை பல. எண்டோநியூக்ளியேஸ்-வி என்ற நொதி இனோசினுக்கு அருகே இழையை வெட்டுகிறது.

நடைமுறையில் நான் வலியுறுத்துவது ஒன்றுண்டு. ஆர்.என்.ஏ. தரவை மட்டும் வைத்துக்கொண்டு அடினின் குவானினாக மாறியிருக்கிறது என்று கண்டால், அதே நபரின் டி.என்.ஏ.வைப் பார்க்காமல் அதை மரபணுப் பிறழ்வு என்று எழுதக் கூடாது. இழையின் திசை பதிவாகாத தரவில் இதே திருத்தம் தைமின் சைட்டோசினாக மாறியதுபோலவும் தோன்றும். இளம் ஆய்வாளர்கள் இங்கேதான் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள்.

இப்போது ஆர்.என்.ஏ.வைத் திருத்தும் மருந்துகளும் வரத் தொடங்கிவிட்டன. நுரையீரலைக் காக்கும் புரதமான ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சினில் மரபுவழிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, உடலில் ஏற்கெனவே இருக்கும் அடார் நொதியைக் குறிப்பிட்ட ஓர் அடினோசினிடம் அழைத்துச் செல்லும் சிறு ஆர்.என்.ஏ. இழை செலுத்தப்பட்டு, திருத்தப்பட்ட புரதம் குருதியில் காணப்பட்டதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. மரபணுவையே வெட்டி மாற்றும் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொண்டு அஞ்சுவோர் என்னிடம் கேட்பதுண்டு. டி.என்.ஏ. தொடப்படுவதில்லை, திருத்தப்பட்ட ஆர்.என்.ஏ. சிதைந்ததும் அத்திருத்தமும் மறைந்துவிடும், எனவே மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியிருக்கும். அவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அழைத்துச் செல்லப்பட்ட அடார், குறித்த எழுத்துக்குப் பக்கத்திலுள்ள அடினோசின்களையும் சேர்த்து மாற்றிவிடுகிறதா என்பதே அது.