முகமூடிக்கு வயதேற்றச் சொல்லாதீர்கள்

போன மாதமும் ஒருவர் வந்தார். கையில் மலேசியாவின் கேரித் தீவில் வாங்கிய மஹ் மெரி முகமூடி. "அண்ணே, இதைக் கொஞ்சம் பழசு மாதிரி பண்ணிக் கொடுங்க. புதுசா இருக்கறதால டூப்ளிகேட்டுன்னு சொல்றாங்க." மரப்பொருள் பராமரிப்புத் தொழிலில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பழசாக இருந்தால்தான் அசல் என்று யார் சொன்னது? மஹ் மெரி மக்கள் சிலாங்கூர் கடலோரப் பூர்வகுடிகள். ஆண்டுதோறும் 'ஹரி மோயாங்' நாளில் மோயாங் எனப்படும் முன்னோர் ஆவிகளை வணங்கி, முகமூடி அணிந்து ஆடுகிறார்கள். முகமூடிக்கான புலாய் மரம் (நம் ஏழிலைப்பாலையின் இனம்தான்) லேசானது, சீக்கிரம் உளுத்துப்போகும். போகட்டுமே! புதிதாகச் செதுக்குவார்கள். இது எந்த மோயாங், அதன் முகம் ஏன் இப்படி, அதன் கதை என்ன என்பதெல்லாம் உளியோடு சேர்ந்துதான் அடுத்தவர் கைக்குப் போகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை பழைய முகமூடி இருந்தாலும், செதுக்க ஆளில்லை என்றால் அந்தக் கதையைச் சொல்லவும் ஆளிருக்காது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் 2023இல் குடமுழுக்கு நடந்ததே, கோபுரத்துக்குப் புது வண்ணம் பூசியதால் அம்மன் டூப்ளிகேட் ஆகிவிட்டாளா?

கவலைப்பட வேண்டியது மரத்தைப் பற்றி. சிலைகளுக்கு அவர்கள் தேடும் ஞிரே பத்து, சதுப்புநிலக் காட்டு மரம். காடு சுருங்கச் சுருங்க அதுவும் அரிதாகிவிட்டது. காட்டை அழித்துப் போட்ட செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு.

சரி, வீட்டில் முகமூடி இருக்கிறதா? வார்னிஷ் வேண்டாம். தேயிலைச் சாயம், ஷூ பாலிஷ் எதையும் தேய்க்காதீர்கள். தேய்த்துவிட்டு என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஈரத்துணியும் கூடாது, மென்மையான தூரிகையே போதும். ஏர்கான் காற்று நேராகப் படும் சுவரில் மாட்டினால் மரம் வெடிக்கும். சிறு துளையிலிருந்து மாவுபோல் தூள் உதிர்ந்தால் வண்டு இருக்கிறது என்று அர்த்தம். உடனே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டித் தனியே வையுங்கள். பூச்சி மருந்து ஸ்ப்ரே அடித்தால் வண்ணம் போய்விடும், உள்ளே இருக்கும் புழு ஜம்மென்று இருக்கும்.

இனி வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிந்தால் செதுக்கியவரிடமே வாங்குங்கள், பேரம் பேசிக் கழுத்தை அறுக்காதீர்கள். அவர் பெயர், மோயாங்கின் பெயர், மரம், ஆண்டு நான்கையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தயவுசெய்து அந்தத் தாளை முகமூடியின் முதுகில் பசை போட்டு ஒட்டாதீர்கள்.