வயசான சாவுதானே?

ராயபுரத்தில் எண்பது தாண்டிய பாட்டி ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டால், கொஞ்ச நேரத்தில் தெருவில் ஷாமியானா, ஐஸ் பெட்டி, மேளம் எல்லாம் வந்துவிடும். பொழுது சாய்வதற்குள் மூலக்கொத்தளம் மயானத்துக்குப் போய் எல்லாம் முடிந்தும்விடும். ‘கல்யாணச் சாவு’ என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அதே அவசரத்தில் ஒரு கொலையும் யார் கண்ணிலும் படாமல் போய்விட முடியும்.

யாராவது சந்தேகப்பட்டுப் போலீசில் சொன்னால், உடல் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் பிணவறைக்குப் போகும். அங்கே டாக்டருக்கு முதல் சிக்கலே முதுமைதான்.

வயதாக ஆகத் தோலில் கொலாஜன் குறையும், ரத்தக் குழாய்களுக்குப் பிடிமானம் போய்விடும். கட்டில் சட்டத்தில் லேசாக இடித்தாலே ஊதாத் திட்டு விழும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாக விழும். அதனால் திட்டு இருக்கிறதா என்பதைவிட எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். புறங்கையிலும் முன்கையின் வெளிப்பக்கத்திலும் இருந்தால் முதுமையின் வேலையாக இருக்கலாம். மேல்கையின் உட்பக்கத்தில் விரல் நுனி அளவில் வரிசையாக மூன்று நான்கு இருந்தால், யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும்.

அப்புறம் கழுத்து. தொண்டைக்கு மேலே குதிரை லாடம் போல நாவடி எலும்பு இருக்கிறது. இளம் வயதில் அதன் பகுதிகளைக் குருத்தெலும்பு இணைப்பதால் அழுத்தினால் வளைந்து கொடுக்கும். வயதானால் பலருக்கு அது ஒரே எலும்பாக இறுகிவிடும், நெரித்தால் உடையும். முறிவைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தால், உயிர் இருக்கும்போதே உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். விலா எலும்பு முறிவு மட்டும் இருந்தால் அவசரப்படக் கூடாது. காப்பாற்ற நெஞ்சை அமுக்கும்போதும் விலா உடையும்.

கண்டுபிடிக்க மிகவும் கஷ்டமானது, தலையணையை முகத்தில் வைத்து அழுத்துவது. பல் இருந்தால் உதட்டின் உள்பக்கம் பல்லில் அழுந்திக் காயம் தெரியும். பல் போன வாயில் அந்தச் சாட்சியும் இல்லை. அப்போது தலையணையில் படிந்த எச்சிலும் ரத்தமும்தான் பேச வேண்டும். நம் வீடுகளிலோ, படுத்திருந்த பாயும் தலையணையும் அன்றைக்கே வெளியே போய்விடும்.

குளிப்பாட்டும் பெண்கள்தான் உடலை முழுசாகப் பார்ப்பவர்கள். கையின் உட்பக்கத்திலோ காதின் பின்புறத்திலோ ஏதாவது உறுத்தினால் ஐஸ் பெட்டியில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இறந்த நேரத்தை உடல் சூட்டை வைத்தும் கணக்கிடுகிறார்கள். பெட்டிக்குள் போன உடலில் அந்தக் கணக்கு குழம்பிவிடும்.