ஸ்கோர்ஷீட்டில் கணக்கு உதைப்பது எங்கே?

கிரிக்கெட் இன்னிங்ஸ் முடிந்து, ஸ்கோரராகத் தாளைக் கூட்டுகிறீர்கள். பேட்டர்கள் எடுத்ததும் எக்ஸ்ட்ராஸும் (பேட்டர் கணக்கில் சேராத உதிரி ரன்கள்) சேர்த்து 213. பவுலர்கள் கொடுத்ததோடு 'பை' (பேட்டிலும் உடம்பிலும் படாமல் போன பந்தில் வந்த ரன்), 'லெக் பை' (உடம்பில் பட்டுப் போன பந்தில் வந்த ரன்) இரண்டையும் சேர்த்தால் 215. பெனால்டி ரன் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வர வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் பாதி அந்த இரண்டு ரன்னைத் தேடுவதிலேயே போய்விடும். முதலில் நோ-பால்களைப் பாருங்கள்.

நோ-பால். பேட்டில் படவில்லை, உடம்பிலும் படவில்லை. கீப்பரையும் தாண்டிப் போனதால் இரண்டு ஓடிவிட்டார்கள். மொத்தத்தில் 3 ஏறும். அதில் 1 நோ-பால், 2 பை. பவுலர் கணக்கில் 1 மட்டும். பேட்டர் சந்தித்த பந்தில் ஒன்று கூடும். ஓவரின் ஆறு பந்தில் இது சேராது. 2017 சட்டத் தொகுப்புக்கு முன்பு மூன்றுமே நோ-பால், மூன்றும் பவுலர் தலையில். அந்தப் பழக்கம் இன்னும் பலருக்குப் போகவில்லை. எக்ஸ்ட்ராஸில் புது முறை, பவுலர் கட்டத்தில் பழைய முறை என்று எழுதினால் இப்படித்தான் இரண்டு ரன் உதைக்கும். வைடுக்கு இந்தச் சிக்கலே இல்லை: ஓடியதும் சேர்த்து எல்லாமே வைடு, எல்லாமே பவுலர் கணக்கு, பேட்டருக்குப் பந்து கிடையாது.

மேலே சொன்ன பந்துக்கு அம்பயர் நோ-பால் சைகையும் காட்டுவார், பை சைகையும் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கை தூக்கிப் பதில் தர வேண்டும். 3-ஆம் விதி சொல்வது அதுதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடவை கையாட்டும் ஸ்கோரர், இரண்டாவது சைகையைப் பார்த்தாரா என்று அம்பயருக்குத் தெரியாது. பந்தல் நிழலில் உட்கார்ந்தால் கை வெளியே தெரிவதும் இல்லை. ஒரு வெள்ளைத் துண்டை ஆட்டினால் போதும்.

இரண்டு ஸ்கோரர்கள் என்று விதி வைத்திருப்பது ஒருவரை ஒருவர் சரிபார்க்கத்தான். ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினால் ஒரே தப்பு இரண்டு தாளிலும் ஏறும்.

ஸ்கோரர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து இங்கிலாந்து பேட்டர் ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு பவுண்டரிக்குப் போனது. எறிந்த நேரத்தில் பேட்டர்கள் இரண்டாவது ரன்னுக்கு ஒருவரை ஒருவர் கடந்திருக்கவில்லை. அதனால் அந்த ரன் சேராது, விதிப்படி 5 (ஓடிய 1, பவுண்டரி 4) என்று பிறகு வாதம் எழுந்தது. அம்பயர் தர்மசேன 6 காட்டினார். தாளில் 6-தான் ஏற வேண்டும். ஓவரும் அப்படியே: அம்பயர் எண்ணிக்கை தவறி ஏழு பந்து விட்டால் அந்த ஓவர் செல்லும், ஏழையும் எழுத வேண்டும்.

மொபைல் ஆப்பில் எழுதுபவர்கள் ஸ்ட்ரைக்கை (அடுத்த பந்தை யார் ஆடுவது என்பதை) அதன் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். கேட்ச் ஆனால் பேட்டர்கள் கடந்திருந்தாலும் புதியவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும், அதோடு ஓவர் முடிந்திருந்தால் ஒழிய. இது 2022 அக்டோபர் முதல். ரன் அவுட்டில் முழுதாக ஓடி முடித்த ரன் சேரும், அவுட்டான ரன் சேராது. யார் எந்த முனையில் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். மழை வந்தால் நேரம், ஓவர், பந்து, விக்கெட், ரன் ஐந்தையும் உடனே தாளில் குறியுங்கள். மழையால் ஓவர் குறைந்தால் இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் கணக்கில் ஒரு விக்கெட் மாறினாலே இலக்கு மாறும். போன் சார்ஜ் தீர்வதும் பெரும்பாலும் அந்த நேரம்தான்.

உதைக்கிற ரன்னைத் தேட முதல் பந்திலிருந்து போக வேண்டாம். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் மொத்தத்தை எழுதி, அது வரை பவுலர்கள் கொடுத்ததோடு ஒப்பிட்டு வந்திருந்தால், எந்த ஓவரில் பிரிகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். அம்பயர்களோடு சரிபார்ப்பது ஒவ்வொரு இடைவேளையிலும் (தண்ணீர் இடைவேளை தவிர), ஆட்டம் முடிந்ததும். கடைசியாகச் சரி என்று ஒப்புக்கொள்ளும் முன் இன்னொரு தடவை கூட்டுங்கள். அம்பயர்களும் ஸ்கோரர்களும் ஒப்புக்கொண்ட பிறகு, தப்பு தெரிய வந்தாலும் முடிவை மாற்ற முடியாது.