நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் பக்கம் கன்னி இன ஆடு இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பிறக்கும் குட்டி 2 கிலோ இருந்தாலே நல்ல எடை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தச் சின்ன உடம்பு ஈரத்தோடு தரையில் விழுகிறது. உடம்பில் இருக்கும் கொழுப்பு சில மணி நேரச் சூட்டுக்குத்தான் காணும்.

அதைவிடப் பெரிய குறை, நோய் எதிர்ப்புப் புரதம் இல்லாதது. மனிதக் குழந்தைக்கு இது கருவிலேயே தாயிடமிருந்து வந்துவிடும். ஆட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. முழுக்கச் சீம்பால், அதாவது ஈன்றதும் சுரக்கும் முதல் பால், வழியாகத்தான் வரவேண்டும். புதுக்குட்டியின் சிறுகுடல் அந்தப் புரதத்தைச் செரிக்காமல் அப்படியே இரத்தத்தில் சேர்க்கும். பிறந்ததிலிருந்தே இந்தத் திறன் குறைந்துகொண்டே வந்து, 24 மணி நேரத்தில் அநேகமாக நின்றுபோகும். பிறகு குடிக்கும் சீம்பால் வெறும் சாப்பாடுதான்.

இதனால்தான் "கொடி விழட்டும், பிறகு குட்டியை ஊட்டவிடலாம்" என்ற பழக்கம் குட்டிகளைக் கொல்கிறது. உண்மையில் குட்டி ஊட்டினால் ஆக்ஸிடாஸின் என்ற ஹார்மோன் அதிகம் சுரந்து கருப்பை சுருங்கும். கொடி சீக்கிரம் விழும். 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் கையால் இழுக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஈனும்போது முதலில் இரண்டு முன்னங்குளம்பும் அவற்றின் மேல் மூக்கும் தெரிய வேண்டும். தலை மட்டும் வந்தாலோ, ஒரு மணி நேரம் முக்கியும் எதுவும் வராவிட்டாலோ மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது. குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைத்துவிட்டுத் தாயின் முகத்தருகே போட்டுவிட வேண்டும். நக்கும்போதுதான் தாய் அந்த வாடையைப் பிடித்துக்கொள்கிறது. எடுத்துக் கழுவிவிட்டு நேரம் கழித்து விட்டால், முட்டித் தள்ளிவிடும்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து 3 செ.மீ. விட்டு நூலால் கட்டி, புது பிளேடால் நறுக்கி, டிஞ்சர் அயோடினில் முக்க வேண்டும். மேலே தடவினால் போதாது. அந்தத் துளை வழியே கிருமி ஈரலுக்கும் மூட்டுக்கும் போகும்; ஒன்றிரண்டு வாரத்தில் முட்டி வீங்கி குட்டி நொண்டும்.

காம்பு நுனியில் மெழுகுபோல் அடைப்பு இருக்கும். இரண்டு பீச்சு பீச்சிப் பால் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் குட்டியை விடலாம். 2 கிலோ குட்டிக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 100 மி.லி., ஒரு நாளில் மொத்தம் 300 முதல் 400 மி.லி. சீம்பால் சேர வேண்டும். இரட்டையில் சின்னது பின்தங்கும். அதை நாமே காம்பில் பிடித்துவிட வேண்டும்.

குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் வெப்பமானி வைக்க வேண்டும். 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் சரியான சூடு. 99க்குக் கீழே போனால் பால் புகட்டவே கூடாது: விழுங்கும் பலம் இருக்காது, பால் நுரையீரலுக்குப் போகும், குடலும் வேலை செய்யாது. நன்றாகத் துவட்டி, உலர்ந்த சாக்கில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அணைத்துவைத்துச் சூடேற்றிய பிறகே சீம்பால். மழைக்காலத்தில் கொடாப்புக்குள் (குட்டிகளை அடைக்கும் கூடை) அடைக்கும்போது தரை உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இரண்டாவது வாரத்தில் குட்டி இலை கடிக்கத் தொடங்கும்; அசைபோடும் இரைப்பை முழுதாக வேலைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே தாய்க்குத் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி போட்டால், அந்த எதிர்ப்பும் சீம்பாலில் இறங்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான (பி.பி.ஆர்.) தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதம் முடிந்துதான் போட வேண்டும். தாய் கொடுத்த புரதம் இரத்தத்தில் இருக்கும்வரை அது மருந்தைச் செயல்படவிடாது.