கறுப்புப் புதினா அல்ல, இலைச்செவ்வந்தி

வன்னியில் வீட்டுத்தோட்டம் செய்வோரிடையே 'கறுப்புப் புதினா' என்றொரு பெயர் உலவத் தொடங்கியிருக்கிறது. விதைப் பைக்கற்றில் இருந்த ஆங்கிலப் பெயரை யாரோ சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

செடியின் தாயகம் தென் அமெரிக்கா. அங்குள்ள பழங்குடியினரின் கெச்சுவா மொழியில் இதன் பெயர் வக்கத்தாய். தாவரவியலில் தகெட்டிஸ் மினூட்டா. மினூட்டா என்றால் சிறியது. அது பூவைக் குறித்தது. செடியோ ஆளுயரம் வளரும். பெரு நாட்டவர் இதன் இலையை மிளகாய், கச்சான், பாற்கட்டியோடு அரைத்து, அவித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றி உண்கிறார்கள்.

இது புதினாவே அல்ல. புதினா துளசிக் குடும்பம். தண்டை ஒடித்து நட்டால் ஈரத்தில் படர்ந்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். இது சூரியகாந்திக் குடும்பம். விதையில் முளைத்து, பூத்து, அதே ஆண்டில் மடியும். முழு வெயில் வேண்டும், நீர் தேங்கக் கூடாது. மாரிமழை ஓய்ந்த பின் மேட்டுப்பாத்தியில் விதைக்க வேண்டியதைப் புதினா என்று நம்பிக் கிணற்றடி நிழலில் வைத்தால் என்ன மிஞ்சும்? கறுப்பு என்பதும் பொய். இலை நல்ல பச்சை. செவ்வந்தி இனம் என்று சொல்லியிருந்தால், கத்தரிக்கு வேர்முடிச்சுப் புழு வராமலிருக்கச் செவ்வந்தி நடும் விவசாயிக்கு இதன் பயனும் உடனே பிடிபட்டிருக்கும். இதன் வேரிலுள்ள தயோபீன் என்னும் இரசாயனச் சேர்வைகளும் அப்புழுக்களை அடக்குபவையே.

செவ்வந்தியைச் செம்மை, அந்தி என்று பிரிப்பார்கள். வடமொழிச் சேவந்தியோடு இணைப்பாரும் உண்டு. எனக்கு முக்கியமானது வேறு. அமெரிக்காவிலிருந்து தகெட்டிஸ் வகைப் பூச்செடி வந்தபோது நம் முன்னோர் அதைத் துலுக்கச் செவ்வந்தி என்றார்கள். அந்நியம் என்று காட்டினார்கள், குடும்பத்தையும் சரியாகப் பிடித்தார்கள். செடியைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர் அகராதியை மட்டும் பார்க்கிறார். வற்றாளங்கிழங்கு என்ற சொல் வீட்டிலிருக்க 'இனிப்பு உருளைக்கிழங்கு' என்று அச்சிடுவதும் இதே சோம்பல்தான்.

அன்னாசியைப் போல மூலப்பெயரையே ஏற்கலாமே என்பார்கள். பொதுவாக எனக்கு உடன்பாடுதான். ஆனால் வக்கத்தாய் என்பது தமிழ்க் காதில் 'வக்கற்றவன்' என்ற வசையாக விழும். 'வாசச்செவ்வந்தி' போதாது, எல்லாச் செவ்வந்தியும் மணப்பதுதான். 'சிறுபூச்செவ்வந்தி' தாவரவியலுக்குப் பொருந்தும், சமையலுக்கு உதவாது. பூவுக்காக அன்றி இலைக்காக வளர்ப்பதால் இலைச்செவ்வந்தி என்பதே தெளிவு.

பைக்கற்றில் அந்தப் பெயரோடு ஓர் எச்சரிக்கையும் அச்சிட வேண்டும்: விதை முற்றுமுன் அறுத்துவிடுங்கள். தென்னாபிரிக்க வயல்களில் இது பெருங்களையாகப் பரவியிருக்கிறது.