வெண்பனிக்கு அடியில் லெமிங்கின் குளிர்காலம்

ஜனவரியில் நீலகிரியின் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் விடியும்போது புல்வெளி வெளுத்துக் கிடக்கும். மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுவதால் வரும் உறைபனி அது. நாற்றுகள் கருகாமலிருக்கத் தோட்டக்காரர்கள் மிலார் என்னும் செடிகளைப் பரப்பி மூடுகிறார்கள். மூடாக்கு மண்ணின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஆர்க்டிக் பகுதியில் வெண்பனியே இந்த வேலையைச் செய்கிறது. அதை நம்பித்தான் லெமிங் வாழ்கிறது.

லெமிங் உள்ளங்கையில் அடங்கும் கொறிவிலங்கு. அது குளிர்காலத்தை உறங்கிக் கழிப்பதில்லை. வெளியே மைனஸ் 30 டிகிரி இருந்தாலும், ஆழமான வெண்பனிக்கு அடியில் குளிர் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. தரையின் வெப்பத்தால் அடிப்பனி பொலபொலவென்று உதிரும் மணிகளாகிவிடும். அதற்குள் வளை தோண்டி, பாசியும் கோரையும் தின்று, காய்ந்த புல்லை உருட்டிக் கூடு கட்டுகிறது. ஒருவகை லெமிங்குக்குப் பனியைத் தோண்டுவதற்கென்றே குளிர்காலத்தில் முன்னங்கால் நகங்கள் இரண்டு தடித்துக் கவையாக வளரும். கர்ப்பகாலம் ஏறக்குறைய மூன்றே வாரம். அந்தக் கூட்டிலேயே குட்டிகளும் பிறக்கின்றன. பகைவனும் அங்கேயே வருகிறான். வீசல் என்னும் கீரி போன்ற ஒல்லியான விலங்கு வளைக்குள் நுழைந்து லெமிங்கைக் கொன்று, அதன் கூட்டையே பிடித்துக்கொண்டு, அதன் மயிரையே மெத்தையாக்கிக் கொள்ளும்.

மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பல இடங்களில் லெமிங்குகள் பெருகி வழிகின்றன. அப்போது நார்வே லெமிங்குகள் புது இடம் தேடிக் கிளம்பும்; ஆற்றை நீந்திக் கடக்கையில் சில மூழ்கவும் செய்யும். கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்கின்றன என்பது பொய். 1958-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆவணப்படம் அந்தப் பொய்யை உலகெங்கும் பரப்பியது. கடற்கரையே இல்லாத கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், விலைக்கு வாங்கிவந்த லெமிங்குகளைச் சரிவிலிருந்து ஆற்றில் தள்ளிப் படம்பிடித்தார்கள். மன்னிக்க முடியாத கொடுமை அது.

லெமிங் பெருகிய ஆண்டில் பனி ஆந்தை பத்து முட்டைக்கு மேலும் இடும்; அருகிய ஆண்டில் முட்டையே இடாமல் போகும். ஆர்க்டிக் நரியோ, லெமிங் கிடைக்காதபோது தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, குஞ்சுகள் பக்கம் திரும்பும். சைபீரியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றுக்கு வரும் வளைந்த அலகுள்ள உள்ளானுக்கும் இந்த இழப்பு நேர்கிறது. லெமிங் குறைந்த கோடைக்குப் பின் வலசை வரும் கூட்டத்தில் இளம்பறவைகள் குறைவு. நீலகிரியிலிருந்து ஒரு நாள் பயணத்தில் சென்று சேரும் நம் கடற்கரையின் பறவைக்கணக்கை, நாம் கண்டிராத ஓர் எலியினம் மாற்றுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இப்போது அந்த மூடாக்குக்கே ஆபத்து வந்திருக்கிறது. குளிர்காலத்தின் நடுவே வெப்பம் ஏறி மழை பெய்தால், பனி நனைந்து மறுபடி உறைந்து கட்டியாகிவிடும். பாசி பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். வளை தோண்டவும் முடியாது. கிழக்கு கிரீன்லாந்தில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் லெமிங்குகளின் பெருக்கம் ஓய்ந்துபோனது. அதன்பின் அங்கே பனி ஆந்தைகள் குஞ்சு பொரிப்பதும் அருகிவிட்டது.